சஸ்காச்சுவானில் ஓர் ஊரை எண்ணுவது எப்படி: கனடாவின் கணக்கெடுப்புக் கோடுகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையில் 'வாட்ரஸ்' என்று தேடினால் ஒரே ஒரு வரி வரும். சஸ்காச்சுவான் மாகாணத்தில், சாஸ்கட்டூன் நகரிலிருந்து தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் சிறு நகரம் அது. பிள்ளைகளை அந்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்பி, அந்த ஊர்க் கடையில் சாமான் வாங்கி, யார் கேட்டாலும் "எனக்கு வாட்ரஸ்" என்று சொல்லும் கோதுமை விவசாயி அந்த வரியில் இல்லை. வடக்கே சில கிலோமீட்டரில் உப்பு ஏரிக்கரையில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தம்பதியும் இல்லை. அவர் ஒரு வரியில் இருக்கிறார், அவர்கள் வேறொரு வரியில் இருக்கிறார்கள்.

இந்த மாகாணத்தில் கோடுகள் முதலில் வந்தன, மனிதர்கள் பிறகு வந்து அந்தக் கட்டங்களில் குடியேறினார்கள். இதை மறந்துவிட்டு அட்டவணையைத் திறந்தால், ஊரைத் தேடிப் போய் நிலத்துண்டைக் கண்டுவிட்டுத் திரும்புவோம். ஆகவே நிலத்திலிருந்தே தொடங்குவோம்.

படி 1: நிலத்தின் முகவரியைப் படியுங்கள்

1871-இல் கனடா அரசு மேற்குப் புல்வெளியை அளக்கத் தொடங்கியது. மலை, ஆறு, பழைய பாதை எதையும் பொருட்படுத்தாமல், ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பூமியை வெட்டினார்கள். அந்தச் சதுரத்துக்கு டவுன்ஷிப் என்று பெயர். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். 1872-இல் வந்த சட்டப்படி, பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டி அந்தக் கால் பங்கை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். குடியிருந்து, உழுது காட்டினால் நிலம் அவருடையது. 'குவார்ட்டர்' என்ற சொல் இன்றும் அங்கே நில அளவைதான். "எத்தனை குவார்ட்டர் பயிரிடுகிறீர்கள்?" என்று விவசாயியிடம் கேட்பது, எத்தனை காணி என்று கேட்பதைப் போல.

முகவரி இப்படி இருக்கும்: வடகிழக்குக் கால், 14-31-25, இரண்டாம் மெரிடியனுக்கு மேற்கே. அதாவது செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 31, ரேஞ்ச் 25. டவுன்ஷிப் எண் அமெரிக்க எல்லையான 49-ஆம் அட்சரேகையிலிருந்து வடக்கே ஏறும். ரேஞ்ச் எண் மெரிடியனிலிருந்து, அதாவது அளவைக்கு ஆதாரமாக வைத்த தீர்க்கரேகையிலிருந்து, மேற்கே நகரும். இரண்டாம் மெரிடியன் 102 பாகை மேற்கு, மூன்றாவது 106, நான்காவது 110. அந்த 110 தான் ஆல்பர்ட்டாவுடனான மாகாண எல்லையும். மேலே சொன்ன முகவரி வாட்ரஸ் பக்கத்து நிலம்.

காரில் போனால் இந்தக் கட்டம் கண்ணுக்கே தெரியும். 'கிரிட் ரோடு' எனப்படும் சரளைச் சாலை அளவுகோல் வைத்துக் கீறியதுபோல வடக்கே ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென ஓரிடத்தில் பக்கவாட்டில் சற்று ஒதுங்கி, மறுபடியும் நேராகப் போகும். சாலை போட்டவர் தூங்கிவிடவில்லை. துருவத்தை நோக்கிப் போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் சதுரங்கள் சதுரமாகவே நீடிக்க முடியாது. அந்தப் பிசகைச் சரிக்கட்ட 24 மைலுக்கு ஒரு முறை திருத்தக்கோடு ஒன்று போட்டார்கள். பூமி உருண்டை என்பதற்கு டயருக்கடியில் கிடைக்கும் சாட்சி அது.

படி 2: ஆர்.எம். எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மாகாணம் 1905-இல் உருவானது. 1909 முதல் அதன் தென்பாதி ஊரக நகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. 'ரூரல் முனிசிபாலிட்டி' என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எல்லோரும் 'ஆர்.எம்.' என்றே சொல்கிறார்கள். ஒன்பது டவுன்ஷிப் சேர்ந்தால் ஓர் ஆர்.எம்.; பக்கத்துக்கு 18 மைல், மொத்தம் 324 சதுர மைல். ஆற்றங்கரையிலும் வடக்கு விளிம்பிலும் உருவம் மாறும், அடிப்படை இதுதான். சாலை போடுவது, பனி அள்ளுவது, நிலவரி வாங்குவது எல்லாம் ஆர்.எம். வேலை. அதன் தலைவருக்கு ரீவ் என்று பெயர்.

ஒவ்வோர் ஆர்.எம்.முக்கும் பெயரோடு எண்ணும் உண்டு, அந்த எண்ணில் ஓர் ஒழுங்கும் உண்டு. தென்கிழக்கு மூலையில் ஆர்கைல் எண் 1. அங்கிருந்து மேற்கே 2, 3, 4 என்று போகும். அடுத்த வரிசை மறுபடியும் கிழக்கு எல்லையில், எண் 31-இல் தொடங்கும். அதற்கு மேல் 61, பிறகு 91. வரிசைக்கு முப்பது எண்கள் ஒதுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று டவுன்ஷிப் உயரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே எண்ணைப் பார்த்ததும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். வாட்ரஸைச் சூழ்ந்திருப்பது மாரிஸ் எண் 312. முந்நூறு என்றால் பத்து வரிசை முடிந்துவிட்டது, மீதி 12. ஆகவே பதினோராவது வரிசை, கிழக்கிலிருந்து பன்னிரண்டாவது. பத்து வரிசை என்பது முப்பது டவுன்ஷிப். அப்படியானால் இது 31 முதல் 33 வரை. மேலே கொடுத்த நில முகவரியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தலைநகர் ரெஜைனாவைச் சூழ்ந்திருக்கும் ஷெர்வுட் எண் 159-க்கும் இதையே செய்யலாம்: ஐந்து வரிசை முடிந்து ஆறாவது வரிசை, டவுன்ஷிப் 16 முதல் 18. ரெஜைனா 17-இல் இருக்கிறது.

எண்கள் 622 வரை போகின்றன, ஆனால் 2021-இல் இருந்த ஆர்.எம்.கள் 296 தான். மேலே போகப்போகக் காடு வந்து வரிசை குட்டையாகிறது, சில எண்களுக்கு ஆர்.எம்.மே இல்லை, சில ஆர்.எம்.கள் ஒன்றாக்கப்பட்டன. சாஸ்கட்டூனைச் சூழ்ந்திருக்கும் கார்மன் பார்க் எண் 344 அப்படிப் பலவற்றைச் சேர்த்து 1970-இல் பிறந்தது. அதன் பரப்பைச் சூத்திரத்தில் தேடினால் ஏமாறுவீர்கள்.

படி 3: ஆர்.எம்.முக்குள் இருக்கும் தீவுகளைப் பிரித்தெடுங்கள்

ரயில் வந்தபோது எட்டு, பத்து மைலுக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமே, அதனால் அந்த இடைவெளி. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தானிய எலிவேட்டர் (தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் கோபுரம்), அதைச் சுற்றி ஓர் ஊர். கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில் நிறுவனம் பெயர் யோசிக்கும் சிரமத்தைக் குறைக்க ஆங்கில அகரவரிசையையே கையில் எடுத்தது. வென், வாட்ரஸ், ஜீனா, யங், ஜெல்மா: V, W, X, Y, Z என்று கடைசி ஐந்து எழுத்துகளும் தண்டவாளத்தோரம் வரிசையாக நிற்கின்றன.

இந்த ஊர்களில் தனி நகராட்சியாகப் பதிவு பெற்றவை ஆர்.எம்.மிலிருந்து சட்டப்படி பிரிந்துவிடுகின்றன. வரைபடத்தில் ஆர்.எம். என்ற பெரிய சதுரத்தில் ஓட்டை போட்டதுபோல் தெரியும். கணக்கெடுப்பு இந்த ஓட்டை ஒவ்வொன்றையும், ஓட்டை போக மீதியுள்ள ஆர்.எம்.மையும் தனித்தனிக் 'கணக்கெடுப்பு உட்பிரிவு' என்று கொள்கிறது. நகரம், டவுன், கிராமம், ஏரிக்கரை ஓய்வுக் கிராமம், வடக்கு ஊர்கள், பூர்வகுடி மக்களின் ரிசர்வ் நிலங்கள் ஆகிய எல்லாம் இந்த வகையில் அடக்கம். மாகாணம் முழுவதும் 900-க்கும் மேல் உட்பிரிவுகள். பதினோரு லட்சத்துச் சொச்சம் மக்களுக்கு இது அதிகம்தான்.

மாரிஸ் 312-ஐ எடுத்துக்கொண்டால்: வாட்ரஸ் டவுன் ஒரு வரி, யங் கிராமம் ஒரு வரி, ஜெல்மா கிராமம் ஒரு வரி, உப்பு ஏரிக்கரையில் இருக்கும் மனிட்டூ பீச் ஓய்வுக் கிராமம் ஒரு வரி, மீதி வயல்வெளி ஒரு வரி. ஜீனாவுக்கு வரி இல்லை. அது தனி நகராட்சி இல்லாததால் வயல்வெளி வரியிலேயே கரைந்துவிடுகிறது.

டவுனாக 500 பேர் வேண்டும், நகரமாக 5,000 பேர் வேண்டும் என்பது மாகாணச் சட்டம். பட்டம் கிடைத்த பிறகு ஆள் குறைந்தால் உடனே பறிபோகாது. ஆகவே நூறு பேருக்கும் குறைவானவர்களோடு தனி வரி வைத்திருக்கும் கிராமங்கள் நிறைய. வரவு செலவு தாங்காத ஒரு நாளில் கிராம மன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு ஆர்.எம்.முடன் சேர்ந்துவிடும். அடுத்த கணக்கெடுப்பில் அந்த வரி இருக்காது, ஆனால் வீடுகள் இருக்கும். பல சமயங்களில் அதே இடம் 'குறிப்பிட்ட இடம்' என்ற வேறொரு பட்டியலில் தலைகாட்டும். ஆர்.எம்.முக்குள் இருக்கும் சிற்றூர்களையும் அந்தப் பட்டியலில்தான் தேட வேண்டும். ஊர் காணவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் அங்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ரிசர்வ் நிலங்களுக்குத் தனிக் கவனம் தேவை. 1874-இல் நான்காம் ஒப்பந்தம், 1876-இல் ஆறாம் ஒப்பந்தம் என்று கையெழுத்தாகி, இந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்திருந்த கிரீ, சோல்ட்டோ, அசினிபொயின் மக்களுக்குச் சில நிலங்கள் ஒதுக்கப்பட்டன. வாக்களித்த அளவு பலருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பாக்கியைத் தீர்க்க 1992-இல் ஓர் உடன்பாடு வந்தது. அதற்குப் பிறகு வாங்கிச் சேர்த்த நிலங்களால் ஒரே சமூகத்தின் ரிசர்வ் பல இடங்களில் சிதறிக் கிடக்கலாம். நகரத்துக்கு நடுவிலும் ரிசர்வ் உண்டு: மஸ்கெக் லேக் கிரீ மக்களுக்கு 1988 முதல் சாஸ்கட்டூனுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. எனவே ஒரு ரிசர்வ் வரியைப் பார்த்து அந்தச் சமூகத்தின் அளவைச் சொல்ல முடியாது. உறுப்பினர்களில் பலர் நகரங்களில் எண்ணப்பட்டிருப்பார்கள். இன்னொன்று: சில ரிசர்வ்கள் கணக்கெடுப்பை அனுமதிக்கவில்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது. 2021-இல் நாடு முழுவதும் அப்படி 63. அட்டவணையில் அங்கே வெற்றிடம் இருக்கும். அதைப் பூஜ்யமாக நிரப்பிக் கூட்டாதீர்கள்.

படி 4: பதினெட்டில் எந்தப் பிரிவு?

உட்பிரிவுகளுக்கு மேலே 'கணக்கெடுப்புப் பிரிவு'. சஸ்காச்சுவானில் 18 இருக்கின்றன. பெயர் கிடையாது, எண் மட்டும். இதை மாவட்டம் என்று தமிழில் எழுதத் தோன்றும், நானும் முன்பு எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுவதில்லை, மாவட்டம் என்றால் வாசகர் கலெக்டரைத் தேடுவார். இங்கே அலுவலகம் இல்லை, அதிகாரி இல்லை, வரிவசூல் இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் பல பிரிவுகளுக்குக் கவுண்டி என்ற உண்மையான ஆட்சி அமைப்பு இருக்கிறது. புல்வெளி மாகாணங்களில் அப்படி இல்லாததால், கணக்குக்காகவே புள்ளிவிவரத் துறை போட்ட கோடுகள் இவை.

உள்ளூர்க்காரரிடம் "நீங்கள் எந்த டிவிஷன்?" என்று கேட்டுப் பாருங்கள். "மூன்று" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆர்.எம்.முக்குள் இருக்கும் வார்டுக்கும் டிவிஷன் என்றுதான் பெயர். தன் கவுன்சிலர் எந்த வார்டு என்பதை அவர் சொல்லியிருப்பார். கணக்கெடுப்புப் பிரிவின் எண் பெரும்பாலோருக்குத் தெரியாது, தெரிந்து ஆகவேண்டியதும் இல்லை.

வாட்ரஸ் 11-ஆம் பிரிவில் இருக்கிறது. சாஸ்கட்டூனும் அதே பிரிவில்தான். இதன் விளைவை யோசியுங்கள். 2021-இல் சாஸ்கட்டூன் நகரில் மட்டும் 2,66,141 பேர். 11-ஆம் பிரிவின் சராசரி வருமானம், சராசரி வயது, எது வந்தாலும் அது சாஸ்கட்டூனின் குரல். வாட்ரஸ் அதில் முணுமுணுக்கக்கூட முடியாது. ரெஜைனா இருக்கும் 6-ஆம் பிரிவும் இதே கதை. இந்த இரண்டையும் 'ஊரகப் பகுதி' என்று எடுத்து ஒப்பிடும் கட்டுரைகளைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

18-ஆம் பிரிவு மறுமுனை. மாகாணத்தின் ஏறக்குறைய வடபாதி முழுவதும் அந்த ஒரே பிரிவு. மக்களோ நூற்றுக்கு மூன்று பேர் அளவில். அங்கே ஆர்.எம். கிடையாது, சதுரம் கிடையாது. லா ரோஞ்ச், லா லோஷ், 1776 முதல் இருக்கும் ஈல்-ஆ-லா-க்ராஸ் போன்ற ஊர்கள் தனித்தனி வரிகள். மற்ற காடும் ஏரியும் 'அமைப்பில்லாத பகுதி' என்று ஒரே வரி. யுரேனியச் சுரங்கங்களுக்கு விமானத்தில் வந்து வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இங்கே எண்ணப்படுவதில்லை, சொந்த வீடு எங்கேயோ அங்கேதான் எண்ணப்படுகிறார்கள்.

குறியீட்டு எண்ணும் இதே அடுக்கில்தான் அமைகிறது. முதல் இரண்டு இலக்கம் மாகாணம், சஸ்காச்சுவானுக்கு 47. அடுத்த இரண்டு பிரிவு, கடைசி மூன்று உட்பிரிவு. 4711066 சாஸ்கட்டூன், 4706027 ரெஜைனா. பெயரை நம்பாமல் இந்த ஏழு இலக்கத்தை வைத்தே அட்டவணைகளை இணையுங்கள். நகரமும் அதைச் சுற்றிய ஆர்.எம்.மும் ஒரே பெயரில் இருப்பது இங்கே சகஜம். மூஸ் ஜா நகரம் வேறு, மூஸ் ஜா எண் 161 வேறு.

ஓர் எச்சரிக்கை, சொந்த அனுபவம். முதன்முதலில் முழு அட்டவணையை இறக்கிக் கூட்டியபோது எனக்கு மாகாண மக்கள்தொகை மூன்று மடங்காக வந்தது. மாகாண வரி, பிரிவு வரிகள், உட்பிரிவு வரிகள் மூன்றும் ஒரே பத்தியில் கீழே கீழே நின்றன. ஏழு இலக்கம் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டியதும் சரியாயிற்று.

படி 5: பிரித்ததைத் திரும்பச் சேருங்கள்

வெட்டிய துண்டுகளை ஊராக மாற்றும் படி இது. புள்ளிவிவரத் துறையிடமே ஒரு கருவி இருக்கிறது: 'ஒருங்கிணைந்த உட்பிரிவு'. ஆர்.எம்.மும் அதற்குள் ஓட்டைகளாக இருக்கும் சிறு டவுன்களும் கிராமங்களும் சேர்ந்து ஒரே அலகு. மாரிஸ் 312-ஐ இப்படிச் சேர்த்துப் பார்த்தால், "எனக்கு வாட்ரஸ்" என்று சொல்லும் விவசாயியும் டவுனில் இருக்கும் அவருடைய பல் மருத்துவரும் முதல் முறையாக ஒரே வரியில் வருகிறார்கள்.

இதனால் ஒரு பொய்யான செய்தியையும் தவிர்க்கலாம். வயதான விவசாயி நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு டவுனில் வீடு வாங்கிக் குடியேறுகிறார்; ஆர்.எம். வரியில் இரண்டு பேர் குறைகிறார்கள், டவுன் வரியில் இரண்டு பேர் கூடுகிறார்கள். 'கிராமம் காலியாகிறது' என்று ஒருவர் எழுதலாம், 'டவுன் வளர்கிறது' என்று இன்னொருவர் எழுதலாம். அவர் நகர்ந்தது பதினைந்து நிமிடப் பயணம்.

நகரம் பக்கத்து ஆர்.எம். நிலத்தை இணைத்துக்கொள்ளும்போதும் இதே குழப்பம் வரும். யாரும் வீடு மாறாமலே ஆர்.எம். இளைக்கும். அட்டவணையில் முந்தைய கணக்கெடுப்பின் எண்ணைப் புதிய எல்லைக்கு ஏற்றபடி திருத்தி அடையாளமிட்டுக் கொடுத்திருப்பார்கள். பழைய பதிப்பில் இருந்த எண்ணை எடுத்து ஒப்பிடாமல் இந்தத் திருத்திய எண்ணை எடுங்கள்.

பெரிய நகரங்களுக்குச் சேர்க்கும் கருவி வேறு: பெருநகரப் பகுதி. நகரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களின் எண்ணிக்கையை முதன்மையாக வைத்து உட்பிரிவுகளைச் சேர்க்கிறார்கள். இது எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரே கணக்குப் போதும். 2021-இல் மாகாணத்தில் 11,32,505 பேர். ரெஜைனா நகரில் 2,26,404, சாஸ்கட்டூன் நகரில் 2,66,141. சேர்த்தால் நூற்றுக்கு 43 பேர். பெருநகரப் பகுதிகளாக எடுத்தால் 2,49,217-உம் 3,17,480-உம். சேர்த்தால் மாகாணத்தில் பாதியைவிட 445 பேர் அதிகம். 'பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு நகரங்களுக்கு வெளியே வாழும் மாகாணம்' என்பதும் சரி, 'பாதிப் பேர் இரண்டு நகரங்களைச் சார்ந்து வாழும் மாகாணம்' என்பதும் சரி.

எந்தக் கருவிக்கும் அடங்காமல் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர்களும் உண்டு. நார்த் பேட்டில்ஃபோர்ட் 16-ஆம் பிரிவு, ஆற்றுக்கு மறுகரையில் இருக்கும் பேட்டில்ஃபோர்ட் 12-ஆம் பிரிவு. பாலத்தைக் கடந்தால் வேறு பிரிவு. லாய்ட்மின்ஸ்டர் இன்னும் விசேஷம். நான்காம் மெரிடியன் ஊரின் நடுவே போகிறது. 1930 முதல் ஒரே நகர மன்றம், ஆனால் பாதி நகரம் ஆல்பர்ட்டா. 2021-இல் ஆல்பர்ட்டாப் பக்கம் 19,739 பேர், சஸ்காச்சுவான் பக்கம் 11,843 பேர். சஸ்காச்சுவான் கோப்பை மட்டும் இறக்கியவர் அந்த நகரத்தைப் பாதிக்கும் குறைவாகவே பார்ப்பார்.

படி 6: பயிர்க் கணக்கு வேண்டுமென்றால் வேறு வரைபடம்

வேளாண் கணக்கெடுப்பு மாகாணத்தை 20 பயிர் மாவட்டங்களாகப் பார்க்கிறது. இவை ஒருங்கிணைந்த உட்பிரிவுகளைச் சேர்த்துக் கட்டியவை. 18 பிரிவுகளின் எல்லையை மதிப்பதில்லை. ஆகவே 11-ஆம் பிரிவின் மக்கள்தொகையால் ஏதோ ஒரு பயிர் மாவட்டத்தின் விளைச்சலை வகுத்தால் வருவது பொருளற்ற எண். 2021-இல் மாகாணத்தில் 34,128 பண்ணைகள். ஒரு பண்ணையின் நிலம் மூன்று ஆர்.எம்.களில் பரவியிருந்தாலும், முழுக் கணக்கும் பண்ணையின் தலைமையிடம் எங்கேயோ அங்கே ஏறும்.

படி 7: எண்ணை நம்புவதற்கு முன்

முதலில் வீடுகளைப் பாருங்கள். மனிட்டூ பீச் போன்ற ஓய்வுக் கிராமங்களில் 'மொத்த வீடுகள்' ஓர் எண், 'வழக்கமாகக் குடியிருப்போர் உள்ள வீடுகள்' இன்னோர் எண். கணக்கெடுப்பு நாள் மே மாதத்தில், 2021-இல் மே 11-ஆம் தேதி. கோடை தொடங்கவில்லை, கோடையில் வருகிறவர்களும் தங்கள் வழக்கமான வீட்டில்தான் எண்ணப்படுகிறார்கள். ஜூலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காத கரை, அட்டவணையில் பாதி ஆளற்ற கிராமமாகத் தெரியும். இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் அந்த ஊரின் தொழில்.

அடுத்தது சிறிய எண்கள். மொத்த மக்கள்தொகை அப்படியே தரப்படும். மொழி, பிறந்த நாடு, வேலை போன்ற மற்ற எண்களை ஐந்தின் மடங்காகச் சீட்டுப்போட்டதுபோல் மேலேயோ கீழேயோ ஒதுக்கிவிடுகிறார்கள், யாரையும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக. எழுபது பேர் உள்ள கிராமத்தில் 'தமிழ் பேசுவோர் 5' என்று கண்டால் சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஒருவராகவும் இருக்கலாம். விரிவான கேள்வித்தாள் பொதுவாக நான்கில் ஒரு வீட்டுக்குத்தான் போனது என்பதையும் நினைவில் வையுங்கள். சதவீதமும் அப்படித்தான்: ஐம்பது பேர் ஊரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் கிளம்பினால் பத்து சதவீத வீழ்ச்சி.

இனி வாட்ரஸுக்குத் திரும்பினால் தேடும் வரிசை இதுதான். ஒருங்கிணைந்த உட்பிரிவில் மாரிஸ் 312. அதற்குள் வாட்ரஸ், யங், ஜெல்மா, மனிட்டூ பீச் வரிகள் தனித்தனியாக, மனிட்டூ பீச்சுக்கு இரண்டு வீட்டு எண்களும் சேர்த்து. பிறகு சுற்றியுள்ள ஆர்.எம்.கள், ஏனென்றால் பள்ளிப் பேருந்து 18 மைலில் நிற்பதில்லை. 11-ஆம் பிரிவின் சராசரியைத் தொட வேண்டாம். ஜீனாவில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால், இருந்தால் 312-இல் இருப்பார்.